மார்பகத்தை எடுக்கும்போதே சிலிகோன் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 48 வயது, செம்பனையில் உரம் போடும் வேலை. இடது மார்பில் இரண்டு இடத்தில் கட்டி, பெரியது 3 சென்டிமீட்டர். கேன்சர் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. முழு மார்பகத்தையும் எடுக்க வேண்டுமாம். ஈப்போவில் பார்த்த டாக்டர், அதே ஆபரேஷனில் சிலிகோன் இம்பிளாண்ட் வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அடுத்த அப்பாய்ண்ட்மெண்டில் பதில் சொல்ல வேண்டும். அப்பா "இந்த வயசில் அதெல்லாம் எதற்கு" என்கிறார். பக்கத்து வீட்டு அத்தை, சிலிகோன் வைத்தால் கேன்சர் திரும்பி வரும் என்கிறார். அம்மா வாயே திறக்கவில்லை. அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வேறு இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

தங்கச்சி, நான் பேராவில் அரசு மருத்துவமனைகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பல வருடங்கள் மார்பக கிளினிக்கில்தான் வேலை. டாக்டர் இல்லை, அம்மாவின் ஸ்கேனையும் பார்க்கவில்லை. அதனால் வையுங்கள், வைக்காதீர்கள் என்று முடிவாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். அம்மாவின் இனிப்பு நீர் இப்போது எவ்வளவு, ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு வரப்போகிறதா, இந்த இரண்டும் தெரியாமல் சரி என்று கையெழுத்துப் போடாதீர்கள். வயது, அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் என்ன செய்வார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் மார்பகத்தை எடுக்கும்போது காம்போடு மேல் தோலிலும் ஒரு பகுதியை எடுத்து, நெஞ்சைத் தட்டையாகத் தைத்துவிடுவார்கள். உடனே இம்பிளாண்ட் வைப்பதாக இருந்தால் தோலை முடிந்தவரை விட்டுவைத்து, உள்ளே இருக்கும் மார்பகத் திசுவை மட்டும் எடுப்பார்கள். கட்டி காம்பிலிருந்து தள்ளி இருந்தால் சிலருக்குக் காம்பையும் காப்பாற்றலாம். அக்குளில் நெறிக்கட்டியை (நிணநீர் முடிச்சு) சோதிப்பதும் பெரும்பாலும் அதே மயக்கத்தில் நடக்கும். பிறகு காலியான அந்தத் தோல் பைக்குள் இம்பிளாண்ட்டை வைத்துத் தைப்பார்கள்.

வைப்பதிலும் இரண்டு வழி உண்டு. தோல் போதுமான அளவு இருந்து, ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் நிரந்தர சிலிகோனையே நேராக வைத்து ஒரே ஆபரேஷனில் முடித்துவிடலாம். இல்லையென்றால் முதலில் எக்ஸ்பாண்டர் என்ற காலிப் பையை வைப்பார்கள். காயம் ஆறிய பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து, கிளினிக்குக்கு வரவழைத்து அதில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். பையின் வாய் தோலுக்கு அடியில் இருப்பதால் வெளியே தெரியாது. ஒரு சின்ன காந்தத்தைத் தோலின் மேல் நகர்த்தினால், வாய் இருக்கும் இடத்துக்கு நேரே அது நின்று காட்டும். அங்கே பேனாவால் புள்ளி வைத்து, துடைத்து, மெல்லிய ஊசியால் 50 மில்லி, 60 மில்லி என்று ஏற்றுவோம். ஊசி குத்துவது பலருக்குத் தெரியவே தெரியாது, அந்த இடம் மரத்துப் போயிருக்கும். ஆனால் அன்று ராத்திரி நெஞ்சைப் பட்டை போட்டு இறுக்கினமாதிரி இருக்கும், பனடோல் போட்டுக்கொண்டு படுக்க வேண்டியதுதான். வேண்டிய அளவு வந்ததும், சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷனில் அதை எடுத்துவிட்டு நிரந்தர சிலிகோனை வைப்பார்கள். எக்ஸ்பாண்டர் உள்ளே இருக்கும்போது யாராவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், காந்தம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முன்பெல்லாம் இம்பிளாண்ட்டை நெஞ்சுச் சதைக்கு அடியில் வைப்பதுதான் வழக்கம். இப்போது சதைக்கு மேலேயே வைப்பதும் பரவலாகிவிட்டது. கையால் வேலை செய்கிறவர்களுக்கு இது முக்கியமான விஷயம். சதைக்கு அடியில் வைத்தால் வலி கூடுதல். அதோடு கையை அழுத்தித் தள்ளும்போது மார்பு இழுத்துக்கொண்டு அசைவது வெளியே தெரியும். மேலே வைத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அம்மா ஒல்லியான ஆளாக இருந்தால் ஓரம் தெரியலாம், தோலில் அலை அலையாகச் சுருக்கம் விழலாம். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள், அம்மா என்ன வேலை செய்கிறார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டு வேலை என்று அவர்களாகவே எழுதிக்கொள்வதும் உண்டு.

இம்பிளாண்ட்டைத் தாங்கிப் பிடிக்கச் சில நேரம் ஒரு வலையோ, பதப்படுத்திய தோல் துண்டோ சேர்த்து வைப்பார்கள். நம் ஆட்களிடம் யாரும் இதை விளக்கிச் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன். அந்தத் தோல் துண்டு பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ மனித தானத்திலிருந்தோ வந்ததாக இருக்கும். செல்களையெல்லாம் நீக்கிவிட்டுத்தான் தருகிறார்கள். ஆனால் மாட்டிறைச்சி தொடாத வீட்டில் ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்து இது தெரியவந்தால் மனம் என்ன பாடுபடும்? நம் முஸ்லிம் குடும்பங்களுக்குப் பன்றி விஷயத்தில் அதே சங்கடம். செயற்கை வலைகளும் இருக்கின்றன, எதுவும் சேர்க்காமல் செய்யவும் சில நேரம் முடியும். முன்னாடியே கேட்டுவிடுங்கள். கேட்டால் டாக்டர் தப்பாக நினைக்க மாட்டார்.

இப்போது ஆபத்துக்கு வருவோம். பிரிட்டனில் 81 மருத்துவமனைகளில் இப்படி உடனே இம்பிளாண்ட் வைத்துக்கொண்ட 2,108 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2019-ல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்தது. முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே நூற்றில் 9 பேர் இம்பிளாண்ட்டை இழந்திருந்தார்கள், அதாவது எடுத்துவிட வேண்டியதாயிற்று. 18 பேர் சிக்கலால் திரும்ப ஆபரேஷன் அறைக்குப் போனார்கள். 25 பேருக்குக் கிருமித் தொற்றுக்கு மருந்து கொடுக்க வேண்டி வந்தது. எல்லாம் நல்ல வசதியுள்ள மருத்துவமனைகள். நான் பயமுறுத்தவில்லை, பெரும்பாலான பெண்கள் நன்றாகவே தேறுகிறார்கள். ஆனால் "ஒரே ஆபரேஷன், எழுந்து பார்த்தால் எல்லாம் பழையபடி" என்று யாராவது சொன்னால் அது பாதிக் கதைதான்.

இந்த எண்களில் தப்பான பக்கத்தில் போய் விழுகிறவர்கள் யார் என்று பார்த்தால் சிகரெட் பிடிப்பவர்கள், உடல் பருமன் அதிகமுள்ளவர்கள், இனிப்பு நீர் கட்டுப்படாதவர்கள். அம்மாவின் விஷயம் இங்கேதான் வருகிறது. திசுவை எடுத்த பிறகு மிச்சமிருக்கும் தோல் மிக மெல்லியது, ரத்தம் ஓரத்திலிருந்துதான் வர வேண்டும். சர்க்கரை ஏறிக் கிடந்தால் அந்தத் தோல் ஆறத் தாமதமாகும், ஓரம் கறுத்துப்போகும், கிருமி சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் காயத்தில் கிருமி வந்தால் மருந்தால் சரிசெய்யலாம். உள்ளே சிலிகோன் இருந்தால் கிருமி அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும், அங்கே மருந்து சரியாக எட்டாது, கடைசியில் இம்பிளாண்ட்டை எடுத்தால்தான் அடங்கும்.

அம்மாவின் கிளினிக் புத்தகத்தை எடுத்து எச்பிஏ1சி என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். விரலில் குத்திப் பார்க்கிற எண் இல்லை, மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற எண். 7-க்குக் கிட்டத்தில் இருந்தால் பேசலாம். 8-ஐத் தாண்டினாலே பல டாக்டர்கள் யோசிப்பார்கள். 10 என்று இருந்தால், நானாக இருந்தால் இப்போதைக்கு இம்பிளாண்ட் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த எண் இரண்டு வாரத்தில் இறங்காது, அது இறங்கட்டும் என்று கேன்சர் ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் கூடாது. மார்பகத்தை எடுத்துவிட்டு, சிகிச்சை எல்லாம் முடிந்து, சர்க்கரையும் அடங்கிய பிறகு ஒன்றிரண்டு வருடம் கழித்துக்கூட மார்பகத்தைத் திரும்ப உருவாக்கலாம். தோலை விட்டுவைக்கும் வாய்ப்பு போய்விடும் என்பது உண்மைதான், வடிவமும் கொஞ்சம் குறையலாம். ஆனால் கதவு மூடிவிடுவதில்லை.

அடுத்தது கதிர்வீச்சு. நம் நாட்டில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 கணக்குப்படி, மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். சீத்தாப்பழ இலை, பப்பாளி இலைச் சாறு என்று ஆறு மாதம் குடித்துவிட்டு வந்தவர்களை நானே எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அப்படித் தாமதமாக வந்தால் மார்பகத்தை எடுத்த பிறகும் கதிர்வீச்சு தேவைப்படும். உங்கள் அம்மாவின் கட்டி 3 சென்டிமீட்டர், அது பரவாயில்லை. ஆனால் அக்குள் நெறிக்கட்டியில் பரவியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான்கு, ஐந்து நெறிக்கட்டியில் இருந்தால் கதிர்வீச்சு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் மூன்று என்றால் டாக்டர்கள் கலந்து பேசி முடிவெடுப்பார்கள்.

கதிர்வீச்சு சிலிகோனைக் கெடுப்பதில்லை, அதைச் சுற்றியுள்ள உடம்பைத்தான் கெடுக்கிறது. எந்த இம்பிளாண்ட்டைச் சுற்றியும் உடம்பு ஒரு மெல்லிய உறை போட்டுக்கொள்ளும், அது இயல்பு. கதிர்வீச்சு பட்டால் அந்த உறை தடித்துச் சுருங்கி, மார்பை உருண்டையாக மேலே இழுத்துக் கல்லாக்கிவிடலாம், வலியும் வரலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2018-ல் வந்தது. அதில் இரண்டு வருடத்துக்குள் இம்பிளாண்ட் தோற்றுப்போனது, கதிர்வீச்சு வாங்கியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேருக்கு, வாங்காதவர்களில் 4 பேருக்கு. தன் சொந்த வயிற்றுச் சதையையோ முதுகுச் சதையையோ கொண்டு உருவாக்கியவர்களுக்கு, கதிர்வீச்சு வாங்கியிருந்தாலும், தோல்வி நூற்றில் ஒருவருக்குத்தான். அதனால் கதிர்வீச்சு நிச்சயம் என்றால், பிறகு சொந்தச் சதையில் செய்துகொள்வது நல்லதா என்று கேட்டுப் பாருங்கள். அது நீண்ட ஆபரேஷன், வயிற்றுச் சதை என்றால் ஆறு, எட்டு மணி நேரம்கூட ஆகும். எல்லா மருத்துவமனையிலும் செய்ய மாட்டார்கள். வயிற்றில் நீளமாகத் தழும்பும் விழும், செம்பனையில் குனிந்து நிமிர்கிறவருக்கு அதையும் யோசிக்க வேண்டும்.

இனி அத்தை சொன்னது. சிலிகோன் வைப்பது மார்பகக் கேன்சர் திரும்பி வரக் காரணம் ஆகாது. திரும்பி வந்தால் கண்டுபிடிக்க முடியாது என்பதும் சரியில்லை. எடுத்த பக்கத்தில் திரும்பி வந்தால் பெரும்பாலும் தோலிலோ தோலுக்குச் சற்று அடியிலோதான் வரும், அது இம்பிளாண்ட்டுக்கு மேலே இருப்பதால் கைக்குத் தட்டுப்படும். வலது மார்பகத்துக்கு மெமோகிராம் எப்போதும்போல எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் அத்தை காதில் எங்கேயோ விழுந்த செய்தி முழுப் பொய்யும் இல்லை. மேற்பரப்பு சொரசொரப்பான சில இம்பிளாண்ட்களைச் சுற்றி மிக அரிதாக ஒருவகை லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) வருகிறது, இது மார்பகக் கேன்சர் இல்லை, வேறு. அதனால்தான் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகைகளை 2019 ஜூலையில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் வைத்துப் பல வருடம் கழித்து மார்பு திடீரென்று நீர் கோத்து வீங்குவதுதான் அடையாளம். வழவழப்பான மேற்பரப்பா, சொரசொரப்பா என்று கேளுங்கள், வழவழப்பைக் கேட்டு வாங்குங்கள். இம்பிளாண்ட் அட்டை ஒன்று தருவார்கள், அதில் நிறுவனம், வகை, வரிசை எண் எல்லாம் இருக்கும். பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

சிலிகோன் ஆயுளுக்கும் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கண்காணிக்கும் எஃப்டிஏ, வைத்த ஐந்தாறு வருடத்தில் ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்கிறது. 48 வயதில் வைத்தால் வாழ்நாளில் இன்னொரு முறையாவது மாற்ற வேண்டி வரும் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

உணர்ச்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பார்க்க மார்பு மாதிரி இருக்கும், தொட்டால் பெரும்பகுதி தெரியாது. பல வருடம் ஆனாலும் முழுசாகத் திரும்பாது. இதனால் ஒரு ஆபத்து உண்டு. உடம்பு வலிக்கிறது என்று சுடுதண்ணீர் பையை நெஞ்சில் வைத்துப் படுத்துவிடுவார்கள், சூடு உறைக்காது, காலையில் பார்த்தால் கொப்புளம். மெல்லிய தோல், அடியில் சிலிகோன், அந்தக் கொப்புளத்திலிருந்தே இம்பிளாண்ட் போன கதைகள் உண்டு. தைல ஒத்தடமும் வேண்டாம்.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது பக்கவாட்டில் ஒன்றிரண்டு குழாயும் பாட்டிலும் தொங்கும். தினமும் எவ்வளவு நீர் வந்தது என்று எழுதி வைக்க வேண்டும், நாளுக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கியதும் எடுத்துவிடுவார்கள். பாட்டிலைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பையைத் தைத்துக் கழுத்தில் மாட்டிவிடுங்கள், கைலி முடிச்சில் செருகினால் இழுத்துக்கொள்ளும். ஆறு வாரத்துக்குக் கனமான எதுவும் தூக்கக் கூடாது. குளியலறை வாளி, அரிசி மூட்டை, கேஸ் தோம்பு எல்லாம் வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். சிகிச்சை முழுதும் முடிகிறவரை தோட்டத்துக்கு எம்சி (மருத்துவ விடுப்பு) வாங்கிக்கொள்ளுங்கள். உர வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு கை வீசிப் போடுகிற வேலைக்கு உடனே திரும்ப முடியாது, தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தர்) பேசி லேசான வேலை கேளுங்கள்.

அதைவிட முக்கியம் முள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டால் அந்தக் கைக்குக் கிருமியோடு சண்டை போடும் சக்தி குறைந்துவிடும். செம்பனை மட்டை முள் ஒன்று குத்தினால் மறுநாள் முழங்கைவரை சிவந்து வீங்கிவிடலாம். கை முழுக்க மூடுகிற சட்டையும் தடித்த கையுறையும் இல்லாமல் வெளிக்காட்டுக்கு அனுப்பாதீர்கள். முள் குத்தினால் உடனே கழுவி மருந்து போடுங்கள், சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமையானால் அவசரப் பிரிவுக்கு. மார்புத் தோல் சிவந்து சூடாக இருந்தாலும் இதேதான். ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலுக்குத் தைப்பூசப் பால்குடம் எடுக்கிற வழக்கம் அம்மாவுக்கு இருந்தால், கையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடப்பது முதல் வருடம் வேண்டாம் என்பேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணம். அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செலவு பெரிதாக வராது. ஆனால் இம்பிளாண்ட்டையும் வலையையும் நோயாளியே வாங்கிக்கொள்ளச் சொல்வது உண்டு, அது பல ஆயிரம் வெள்ளி வரலாம். எதற்கு யார் கட்டுவது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். கட்ட முடியாது என்றால் மருத்துவமனையிலேயே மருத்துவ சமூகப்பணிப் பிரிவு இருக்கிறது, அங்கே போய்ச் சொன்னால் தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்ற அரசு மருத்துவ உதவி நிதிக்கு மனுப் போட உதவுவார்கள். கேன்சர் சிகிச்சைக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்திலிருந்தும் எடுக்கலாம். அம்மா சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டியிருக்கிறார் என்றால் அதையும் விசாரியுங்கள். மெடிக்கல் கார்ட் (மருத்துவக் காப்புறுதி) வைத்திருந்தால், மார்பகத்தைத் திரும்ப உருவாக்குவதை அழகு சிகிச்சை என்று ஒதுக்கியிருக்கிறார்களா என்று ஏஜெண்டிடம் வாயால் கேட்காமல் கடிதமாகக் கேளுங்கள்.

அப்பா சொன்னதற்கு ஒரு வார்த்தை. 48 ஒரு வயதா? மார்பகம் புருஷனுக்காகவும் ஊருக்காகவும் மட்டும் இருக்கிற உறுப்பு இல்லை. ரவிக்கை ஒரு பக்கம் சரிந்து நிற்பதும், கல்யாண வீட்டில் சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே உட்கார்ந்திருப்பதும் அம்மா படப்போகிற பாடு, அப்பா இல்லை. அதே சமயம், எதுவும் வேண்டாம், தட்டையாகவே இருந்துவிடுகிறேன் என்று நிம்மதியாக இருக்கிற பெண்களும் நிறைய. பிராவுக்குள் வைத்துக்கொள்ளும் சிலிகோன் மார்பகமும் நன்றாகவே இருக்கிறது. பிரெஸ்ட் கேன்சர் வெல்ஃபேர் அசோசியேஷன் மலேசியா போன்ற சங்கங்களில் கேட்டால் அளவு பார்த்துத் தருவார்கள். எதுவும் அம்மா முடிவாக இருக்க வேண்டும்.

அம்மா பேசாததற்குக் காரணம் வேண்டாம் என்பதாக இருக்கலாம், வேண்டும் என்று சொல்லக் கூச்சமாகவும் இருக்கலாம். அப்பாவும் தம்பியும் இல்லாத நேரத்தில், பின்கட்டில் துணி மடிக்கும்போது கேட்டுப் பாருங்கள். அடுத்த அப்பாய்ண்ட்மெண்டுக்கு அப்பாவோடு நீங்களும் போங்கள். நெறிக்கட்டியைப் பற்றி இதுவரை ரிப்போர்ட் வந்திருந்தால் அதையும் எச்பிஏ1சி எண்ணையும் மேசையில் வைத்துவிட்டு, டாக்டர் மலாயில் சொல்வது அம்மாவுக்கு முழுசாகப் புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்த மிஸ்ஸியை (தாதியை) கூப்பிடச் சொல்லுங்கள், கிளினிக்கில் ஒருவராவது இருப்பார். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தேதியை மட்டும் மார்பகத்தை எடுப்பதற்கு உறுதிசெய்துகொண்டு, இம்பிளாண்ட்டுக்கு இரண்டு நாள் கழித்துப் போனில் சொல்கிறோம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்வார்கள்.